நாய் எப்படிக் கூரை ஏறியது?

ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துவது என்றால், வாயைக் கொடுத்து வம்பை வாங்குவதையே தொழிலாக வைத்துக்கொள்வது. கீரமங்கலத்தில் ஓர் உரக்கடை மாடியில் சில வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். கணக்கு வாத்தியாரிடம் இரண்டும் இரண்டும் ஏன் நாலு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்திலோ புது ஆளுக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்துவிடுவார்கள். ஆங்கிலச் சொலவடைகளையும் அப்படித்தான் விசாரிக்கிறார்கள். இதே பாடுபடும் டியூஷன்காரர்களே, நீங்களாவது கேளுங்கள்.

போன வருடம் எனக்கு அவசரம் வேறு. நர்ஸிங் முடித்த கலைச்செல்விக்கு ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கேமராவில் நேர்முகத் தேர்வு. முதல் தடவை பேச்சு வராமல் தோற்றிருந்தாள். இந்தத் தடவையும் தோற்றால் படித்த படிப்பை மூட்டை கட்டிவிட்டு மாப்பிள்ளை பார்ப்பதாக அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே அழுதுவிடுவாள். ஒரே மாதத்தில் அவளைத் தேற்ற வேண்டும்.

மழை

‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் காலத்தில் கூரை மேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுமாம், அதனால் வந்த பேச்சு என்று ஒரு கதை இருப்பதாகச் சொல்லித் தொலைத்தேன்.

வளைகுடாவில் டிரைவராக இருந்து ஊர் திரும்பிய முருகையன் கையைத் தூக்கினார். கீற்றுக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர். கதை உண்மை என்பதற்கு அத்தாட்சி கிடையாது என்று நானே ஒப்புக்கொண்டேன். அவர் விடவில்லை. அன்றைய பாடம் அதோடு போயிற்று.

"பூனை ஏறும், ஒத்துக்கிறேன். நாய் எப்புடி சார் ஏறும்? நாமதான் ஏணி வைக்கணும்."

பல்லி

மேடை ஏறப்போகும் நடிகரை வாழ்த்தினால் கண் பட்டுவிடும் என்று பயந்து, ‘பிரேக் எ லெக்’, கால் ஒடியட்டும் என்று நேர்மாறாகச் சொல்வார்களாம். நம் ஊருக்குத் திருஷ்டி தெரியும், சுலபமாகப் புரியும் என்று நம்பினேன். கலைச்செல்வியிடம் அதைச் சொல்லுங்கள் என்று தையல்கடை தனலெட்சுமியிடம் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். சரி, நானே சொன்னேன். அந்த நேரம் பார்த்துச் சுவரில் பல்லி கத்தியது.

சொன்னது பலித்துவிடும் என்று வகுப்பே தரையைத் தட்டியது. சொன்னதை வாபஸ் வாங்கச் சொல்லி என்னையும் தட்ட வைத்தார்கள். மறுநாள் காலை, தோட்டத்தில் பூப்பறித்த ஈரக் கையோடு கலைச்செல்வியின் அப்பா மாடியேறி வந்தார். இங்கிலாந்து நாடகக் கொட்டகை வழக்கத்தை அவருக்கு விளக்க நான் பட்ட பாட்டை என்ன சொல்ல. மகளை வகுப்பிலிருந்து நிறுத்தாமல் விட்டாரே, அதுவே பெரிது.

"வாழ்த்தத் தெரியாட்டி சும்மா இருங்க சார். பல்லிக்கு இங்கிலீசும் தெரியும்."

கப்பல்

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. நோயாளியிடம் பேசும் பாடங்கள் அப்படியே கிடந்தன. ‘அண்டர் தி வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை என்று ஒரே வரியில் தாண்டப் பார்த்தேன். "அதுக்கு எந்த ஊரு சார்?" என்றார் தனலெட்சுமி. உடம்பு முடியாத மாலுமியைக் காற்று மழை படாமல் கீழ்த்தட்டில் படுக்க வைப்பார்களாம் என்றேன்.

தீர்ந்தது. காற்றில்லாத இடத்தில் போட்டால் வாந்தி கூடத்தான் செய்யும் என்றார் முருகையன். மேலே கிடந்தால் சளி பிடிக்கும் என்றார் தனலெட்சுமி. கலைச்செல்வியும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினாள். கீழே உரக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. மிச்சமிருந்த நாள்களில், வாய் திறந்தால் வெளியே போகலாம் என்று சட்டம் போட்டு, பாடங்களை ஓட ஓட நடத்தி முடித்தேன். முருகையன் தனலெட்சுமியிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"சார் கோவப்படுறாரு. அவருக்கே பதில் தெரியல போலருக்கு."

தேர்வு

தேர்வில் ஒரு டாக்டரம்மா நோயாளி போல நடித்தாராம். எடுத்த எடுப்பில் ‘அண்டர் தி வெதர்’ என்றாராம். கலைச்செல்வி தயங்கவே இல்லை. எப்போதிருந்து, வாந்தி உண்டா, காற்றோட்டமான அறையில்தான் இருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது.

அப்பாவோடு வந்து லட்டு கொடுத்தாள். கடைசி வாரம் நான் நடத்திய பாடமெல்லாம் கைகொடுத்ததா என்று, பாராட்டுக்கு ஆசைப்பட்டு, கேட்டுவிட்டேன்.

"நீங்க அமைதியா நடத்துனது ஒண்ணுகூட ஞாபகம் வரல சார். நாங்க சண்ட போட்டது மட்டுந்தான் வந்துச்சு."

இப்போதெல்லாம் வகுப்புக்குக் கிளம்பும்போது புத்தகத்தை மறந்தாலும் தலைவலி மாத்திரையை மறப்பதில்லை.