நகருங்க சிஸ்டர், நான் பார்க்கிறேன்

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில், என் ஒரு வார உழைப்பை ஒரே ஒரு 'யெஸ்' பட்டன் விழுங்கிவிட்டது. பட்டனை அழுத்தியது நான் இல்லை. நான் அப்போது சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன் – அழுத்தியவருக்காக!

ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் உங்களிடம் கொட்டுகிறேன்.

திருச்சியில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சின்ன வேலை செய்கிறோம். ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருகிறவர்களுக்குத் துணையாகப் போய் உட்காருவோம். மருந்து வாங்கிக் கொடுப்பது, ஆபரேஷன் முடியும்வரை வெளியே காத்திருப்பது, மயக்கம் தெளியும்போது பக்கத்தில் இருப்பது... அவ்வளவுதான். பாலக்கரையில் இருக்கும் என் தோழி ஷாகிரா ஆரம்பித்தது. எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும்.

குரூப் என்றால் உங்களுக்குத் தெரியாததா? குட் மார்னிங், பூங்கொத்து, பிறந்தநாள் கேக், சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீர். நடுவில் எங்கேயோ ஒரு உதவிக் கோரிக்கை.

அப்படித்தான் மணப்பாறையிலிருந்து வந்த ஒரு அம்மாவின் செய்தி எங்கள் எல்லார் கண்ணிலும் படாமல் போனது. பித்தப்பையில் ஆபரேஷன். மகன் லாரி ஓட்டுகிறவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். கூட ஆள் இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா வெறும் வயிற்றோடு காத்திருந்தார். நாங்களோ யாருடைய கல்யாண நாளுக்கோ வரிசையாக வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஷாகிரா பார்த்து, பதறிப்போய் எனக்குச் சொல்லி, நான் போன் செய்தபோது அவர் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தார்.

"பரவாயில்லம்மா. அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்ல" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இனி இது குரூப்பில் நடக்கக் கூடாது, தனியாக ஒரு இணையப் பக்கம் வேண்டும் என்று ஷாகிராவிடம் சொன்னேன். யாருக்குத் துணை வேண்டும், எந்த ஆஸ்பத்திரி, எப்போது. இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒருவர் 'நான் போகிறேன்' என்று அழுத்தும்வரை அந்த வரி சிவப்பாகவே நிற்கும். அழுத்தினால் பச்சை. குட் மார்னிங்குக்கு இடமே கிடையாது.

யார் செய்வது? நான்தான் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் ஆயிற்றே! அந்தப் படிப்பு எப்போதோ காலாவதி ஆகிவிட்டது என்பது லேப்டாப்பைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த மாதிரிப் பக்கத்தை எழுத பிஎச்பி என்று ஒரு மொழி இருக்கிறது. எழுதியதை ஓட்டிப் பார்க்க, கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற சர்வர் என்று ஒன்று வேண்டும். இன்டர்நெட்டில் ஏற்றுவதற்கு முன், நம் லேப்டாப்பிலேயே ஒரு சர்வரைப் போட்டு சோதித்துக்கொள்ளலாம். கேட்பதும் நம் லேப்டாப், பதில் சொல்வதும் நம் லேப்டாப். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது?

யூடியூபில் ஒரு தம்பி மூச்சு விடாமல் சொல்லிக் கொடுத்தார். அவர் 'ஸ்டார்ட்' அழுத்தினால் பச்சை. நான் அழுத்தினால் சிவப்பு எழுத்து. எண்பதாம் நம்பர் போர்ட்டை – அதாவது சர்வர் உட்கார வேண்டிய இடத்தை – வேறு ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறதாம். பஸ் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டுப் போன ஆளைத் தேடுகிற மாதிரி தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் வேறு நம்பருக்கு மாற்றினேன். பச்சை வந்தது.

சரி, எழுதிய பக்கத்தைத் திறப்போம் என்று ஃபைலின் மேல் டபுள் கிளிக் செய்தேன். பக்கம் வரவில்லை. நான் எழுதிய புரோகிராம் அப்படியே வரிவரியாக வந்து நின்றது. சாம்பார் கேட்டால் சமையல் குறிப்பைக் கொண்டுவந்து வைக்கிற ஹோட்டலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டபுள் கிளிக் கூடாதாம். பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடித்து, சர்வர் வழியாகத்தான் போக வேண்டுமாம். இதைச் சொல்லாமலேதான் அந்தத் தம்பி, "அவ்ளோதான் ஃப்ரெண்ட்ஸ், ரொம்ப சிம்பிள்" என்று முடித்திருந்தார்.

ஆனாலும் வந்தது. அந்த வாரம் முழுக்க, சமையலுக்கும் ஆபீசுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதினேன். சிவப்பு வரி வந்தது. அழுத்தினால் பச்சை ஆனது. நாற்காலியை விட்டு எழுந்து ஹாலில் ஒரு சுற்று நடந்தேன், யாரும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு குறை. தமிழில் பெயரை அடித்துச் சேமித்தால், திரும்ப வரும்போது ????? என்று வந்தது. முருகேசன் என்றாலும் அதுதான். மேரி என்றாலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஷாகிரா வீட்டில் எல்லாருக்கும் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வாய் தவறி இதை என் கணவரிடம் சொன்னேன்.

அவர் மோகனுக்குப் போன் போட்டுவிட்டார்.

மோகன் இவரோடு ரயில்வேயில் வேலை பார்ப்பவர், மன்னார்புரத்தில் வீடு. ஆபீஸில் யார் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் காவிரிப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தார். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பிரச்னை இதுதான் என்று பாதி சொல்லியிருப்பேன்.

"நகருங்க சிஸ்டர், நான் பார்க்கிறேன்" என்றார்.

கை அதற்குள் மவுஸில் இருந்தது.

ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்ணிடம் வழி சொல்ல வருகிறவர், அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார மாட்டார். கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் ஏன் இப்படி? சொல்லிக் கொடுங்கள் என்றால் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதை விடுங்கள்... நான் ஏன் நகர்ந்தேன்? அதுதான் இன்னும் எனக்கே புரியவில்லை.

காபி போடேன் என்றார் கணவர். போட்டேன்.

டம்ளர்களோடு திரும்பி வந்தபோது மோகன் சந்தோஷமாக இருந்தார். பழைய சர்வரை முழுசாக எடுத்துவிட்டுப் புதுசாகப் போட்டுவிட்டதாகவும், இனிமேல் கேள்விக்குறி வரவே வராது என்றும் சொன்னார்.

வராதுதான். எங்கிருந்து வரும்? பக்கமே இல்லையே!

"என் ஃபைலெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"ஃபைலா... சர்வர் ஃபோல்டருக்குள்ள இருக்கிறதையும் சேர்த்து அழிக்கலாமான்னு ஒண்ணு கேட்டுச்சு. யெஸ் குடுத்தேன்."

குப்பைத்தொட்டி ஐகானைத் திறந்து பார்த்தோம். அதிலும் ஒன்றும் இல்லை. அப்போது என் கணவர் ஒரு கேள்வி கேட்டார் – "பேக்கப் எடுத்து வைக்கலையா?"

அவரை நான் ஒரு பார்வை பார்த்தேன். அவ்வளவுதான். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மோகனின் முகம் செத்துப்போயிருந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, சாரி சிஸ்டர், சாரி சிஸ்டர் என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார். அவர் போனதும் எனக்கு அழுகை வந்தது. மணப்பாறை அம்மாவின் குரல் வேறு காதில் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"உட்காருங்க. மவுஸைத் தொடாதீங்க" என்றேன்.

தொடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே உப்புமா கிண்டினார்.

ஆச்சரியம் என்னவென்றால், முதல் தடவை ஒரு வாரம் திணறிய வேலை இந்தத் தடவை கையிலேயே இருந்தது. தேவையில்லாமல் சுற்றி வளைத்து எழுதியதையெல்லாம் விட்டுவிட்டேன். ஞாயிறு காலையில் கேள்விக்குறிக்கும் காரணம் பிடிபட்டது. பெயர்களைச் சேமித்து வைக்கிற இடத்தில், எந்த எழுத்து வகை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழைத் தாங்காத வகையில் விட்டு வைத்திருந்தேன். மாற்றினேன். முருகேசன் முருகேசனாகவே வந்தார். உடனே எல்லாவற்றையும் பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று எடுத்து வைத்தேன்!

மத்தியானம் ஷாகிரா வீட்டில் காட்டினேன். அவளே நோயாளி மாதிரி விவரம் கொடுத்துப் பார்த்தாள். சிவப்பு வரி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே "இதை யாரும் பார்க்கலன்னு இனிமே சொல்ல முடியாது" என்றாள். அதை நிஜமான இன்டர்நெட்டில் ஏற்றிய கதை தனிப் புலம்பல். இங்கே வேண்டாம்.

போன புதன்கிழமை முதல் கோரிக்கை வந்தது. லால்குடியிலிருந்து ஒரு பெரியவர், தனி ஆள், மறுநாள் குடலிறக்க ஆபரேஷன். யாரைக் கூப்பிடலாம் என்று நான் போனை எடுப்பதற்குள் வரி பச்சையாகிவிட்டது. பெயரைப் பார்த்தேன். மோகன், மன்னார்புரம்.

என் கணவரிடம் இணையப் பக்கத்தின் முகவரியைக் கேட்டு வாங்கினாராம். வியாழக்கிழமை லீவும் போட்டிருக்கிறார்.

எனக்குத் திக்கென்றது. ஆஸ்பத்திரியில் என்னென்ன பட்டன் இருக்கும்! வியாழக்கிழமை சாயங்காலம் முதல் வேலையாக போன் செய்து, என்ன ஆச்சு, என்ன பண்ணீங்க என்று கேட்டேன்.

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது சிஸ்டர். நான் ஒண்ணும் பண்ணல. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு... அப்படியே பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

இந்த வித்தையை எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் எங்கே வைத்துவிட்டு வந்தார் மனுஷர்?