போன் நம்பர் கட்டம்

ஈஜிபுராவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிறவள் சரளா. அங்குள்ள கம்ப்யூட்டர் செல்போன் எண் இல்லாமல் யாரையும் பதியவிடாது. கட்டம் காலியாக இருந்தால் சிவப்பில் 'தவறு' என்று காட்டி நின்றுவிடும். அதனால் போன் இல்லாதவர்களுக்குச் சரளா தன் எண்ணையே அடித்துவிடுவாள். அவர்களுடைய பரிசோதனை முடிவுகள் அவள் போனுக்கு வரும். வேலை முடிந்ததும் வீடு தேடிப் போய்ச் சொல்வாள். கெட்ட சேதியானாலும் அவள்தான் சொல்லவேண்டும்.

காய்ச்சலோடு நான் வரிசையில் நின்ற அன்று, ப்ரோக்ராம் எழுதிய நரேஷ் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், ஒரே நம்பர்ல இத்தன பேரா? இது தப்பு டேட்டா. இனிமே காலியாவே விடுங்க, எரர் வராம மாத்திடறேன்."

"எரர் வராது, சரி. ரிப்போர்ட் யாருக்குப்பா வரும்?"

"யாருக்கும் வராது. அவங்களே வந்து கேட்டுக்கணும்."

எனக்கு முன்னால் பூ விற்கும் லட்சுமம்மா வீங்கிய காலோடு நின்றிருந்தாள்.

"இந்தக் காலோட இவங்க வருவாங்களா? நீயே கேளு" என்றாள் சரளா.

"போன் வச்சிருந்தா உனக்கு ஏம்மா தொல்ல குடுக்கறேன்?" என்றாள் லட்சுமம்மா.

நரேஷ் அந்தக் காலைப் பார்த்தான். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, வெகுநேரம் தட்டினான். எண் கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் வந்தது: 'யாரிடம் சொல்ல வேண்டும்?'

எண் கட்டத்தைக் காலியாக விட்டு, புதுக் கட்டத்தில் சரளா தன் பெயரையும் எண்ணையும் அடித்தாள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் லட்சுமம்மாவின் முடிவு சரளா போனுக்கு வந்தது. சிறுநீரகம் கெட்டிருந்தது, உடனே சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். சரளா ஆட்டோ பிடித்து லட்சுமம்மா வீட்டுக்குப் போனாள்.