எஃபி சொன்ன வசை

எங்கள் ஸ்காட்லாந்துக் கரையில் பன்றியின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அந்தச் சீவன்' என்போம். வாய்தவறிச் சொன்னால் இரும்பைத் தொட வேண்டும். படகில் ஏறும்முன் காதில் விழுந்தால் அன்று கடல் கிடையாது. அதனால், பிடிவாதக்காரனை ஆங்கிலத்தில் 'பன்றித்தலையன்' என்று வைகிற வசை நாடெங்கும் புழங்கினாலும் எங்கள் ஊருக்குள் நுழைந்ததில்லை. வசைதான் இல்லையே தவிர ஆசாமிகளுக்குக் குறைவில்லை. படகு வைத்திருப்பவன் முரண்டுபிடித்தால் அதற்கு 'உறுதி' என்று பெயர்.

எஃபி பர்விஸ் கைம்பெண். ஆண்ட்ரா கோலினின் படகுக்காகத் தூண்டில் முட்களில் சிப்பிச் சதை கோத்துப் பிழைத்தாள். ஒரே மகன் டேவி அந்தப் படகில்தான் போய்வந்தான்.

ஒரு நவம்பர் காலை, துறைமுகச் சுவரிலிருந்த காற்றழுத்தமானிக் குழாயில் பாதரசம், புயலுக்கு அறிகுறியாக, வெகுவாக இறங்கியிருந்தது. படகடியில் நின்ற ஆண்ட்ராவிடம் எஃபி ஓடினாள்.

"அண்ணே, அந்தக் குழாயைப் பாருங்க. இன்னிக்குப் போகாதீங்க. எம்புள்ள இருக்கான் படகுல."

"எங்கப்பன் குழாயைப் பாத்தா கடலுக்குப் போனாரு? போ, போய்ச் சிப்பியைக் கோத்துக்கிட்டிரு."

அவள் மகனின் சட்டையைப் பிடித்தாள். "விடும்மா. இன்னிக்கு ஏறலேன்னா நாளைக்கு எவன் சேத்துக்குவான்?" என்றான் டேவி.

எஃபி ஆண்ட்ராவின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"போடா பன்னித்தலையா!"

படகேறவிருந்த ஆறு ஆண்களும் இரும்பைத் தேடிப் பாய்ந்தார்கள். ஒருவன் நங்கூரத்தைக் கட்டிக்கொண்டான். இன்னொருவன் தரையில் உட்கார்ந்து தன் பூட்ஸ் ஆணிகளைப் பிடித்துக்கொண்டான். படகு நகரவில்லை.

மதியத்துக்குள் புயல் வந்தது. பக்கத்து ஊர்ப் படகு ஒன்று திரும்பவே இல்லை.

ஊர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

"காலைல இவ சொன்னா, மத்தியானம் காத்து வந்துருச்சு. பாத்தியா?"

"அந்த ஊர்க்காரன் மேல இவளுக்கு என்ன ஆங்காரமோ!"

அவள் வாய் திறக்குமுன்பே பாதரசம் இறங்கிவிட்டது என்று நான் கத்தினேன். "உன்னையும் மயக்கிட்டாளா?" என்றார்கள். அவள் வேலை வேறொருத்திக்குப் போயிற்று. டேவிக்கும் சந்தேகம்.

"அம்மா, தெரிஞ்சேதான் சொன்னியா?"

"கஞ்சி ஆறுது. குடி."

ஜனவரியில் பாதரசம் மறுபடி இறங்கியது. எஃபி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு துறைமுகத்தில் வந்து நின்றாள். ஆண்ட்ரா குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. அவள் உதடுகளையே பார்த்தான்.

"வாயைத் திறந்துடாத தாயி."

"நான் ஒண்ணும் சொல்லலியே அண்ணே."

அவன் அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினான். "எனக்கு இன்னிக்கு இடுப்பு வலி. எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா."

டேவி கரையேறினான். சிப்பி கோக்கும் வேலை மட்டும் அவளுக்குத் திரும்பி வரவில்லை.