பட்டினி போடாதே

பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் உமர் பாரூக்கின் மனைவி கமர் நிஷா, பத்தாவதைத் தாண்டாதவள். ஆனால் திருவள்ளூர் பக்கத்துத் தாய்மார் பதினோரு பேருக்கு அவள்தான் வாத்தியார். பாடம் ஒன்றே ஒன்று: பிள்ளையைப் பட்டினி போடாதே.

அதை அவள் பிள்ளையைப் பறிகொடுத்துத்தான் படித்தாள். மூத்தவன் அத்னானுக்கு இரண்டு வயதில் காய்ச்சல், வாந்தி. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று ஊரே சொல்ல, வயிற்றைக் காயப்போட்டாள். விடிந்தபோது பிள்ளை இல்லை. வயிறு காலியானால் உடம்பிலுள்ள கொழுப்பை எரித்துத் தெம்பாக்க முடியாத பிறவிக் கோளாறாம். அடுத்துப் பிறந்த சிஃபாவுக்கும் அதேதான். பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டுப் பக்க இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ளலாம், வேறென்ன!

நர்ஸ் திலகவதியைக் கேட்டுக் கேட்டு, அதைத் தன் பேச்சில் சொல்லிப் பதிந்து, அதே கோளாறுள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினாள் கமர் நிஷா. படிக்கத் தெரியாத வேப்பம்பட்டு லட்சுமியம்மாளுக்குச் சாப்பாட்டு நேரங்களைக் கடிகாரமாகவே வரைந்து கொடுத்தாள்.

அன்றைக்கு ரம்ஜான் நோன்பு பதினாலாம் நாள். சாயங்காலம் நாலு மணி. மணவாள நகர்க்காரி ஒருத்திக்காகப் போனில் பேசிப் பதிந்துகொண்டிருந்தாள். “பேஜார் ஆவாதம்மா. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எதனா குடுத்துக்கினே இரு...”

பள்ளிக்கூடம் விட்டு வந்த சிஃபா பாயில் சுருண்டு கிடந்தாள். தொட்டால் ஜில்லென்று வேர்வை. டப்பாவைத் திறந்தால் காலை இட்லியும் மதியச் சோறும் அப்படியே இருந்தன. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பெரியவர்களோடு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டதை, எட்டு வயசுப் பிள்ளையின் ஆசை என்றல்லவா விட்டிருந்தாள் பாவி!

“நோம்பாடி வெச்ச?”

“அத்னான் அண்ணன் சொர்க்கத்துல நல்லா இருக்கணும்னு துஆ கேக்கத்தாம்மா.”

சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டது. நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கெஞ்சினாள், அடித்தாள், அல்லாவே என்று அலறினாள். வாய் திறக்கவில்லை.

அத்னான் செத்த கதையை ஊருக்கெல்லாம் சொன்னவள் சிஃபாவிடம் மட்டும், அண்ணனை அல்லா கூப்பிட்டுக்கொண்டான் என்று மழுப்பியிருந்தாள்.

“அவன் பசியிலதான்டி செத்தான். நான்தான் பட்டினி போட்டேன்.”

“நீயாம்மா?”

கேட்கத் திறந்த வாயில் ஸ்பூனை வைத்தாள். பிள்ளை விழுங்கியது.

உமர் பாரூக் ஆட்டோ கொண்டுவந்தான். பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் சிஃபா அவன் மடியிலேயே கிடந்தாள். கமர் நிஷா நீட்டிய ஸ்பூனை ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டாள். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.