எட்டு மாதம் டானிக் குடித்தவள்

என் மனைவி அஞ்சலைக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் மதியம், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, மறுபடியும் தீட்டு பட்டுக்கினு இருக்குதுங்க.”

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், அன்றைக்கே கிளம்புங்கள். நாங்களும் கிளம்பினோம். போன இடம்தான் தப்பு.

நான் வேலை பார்த்த சுரங்கக் கம்பெனியின் நகரியத்து ஆஸ்பத்திரிக்கு வர அவள் கூச்சப்பட்டாள். அங்கே பாதிப் பேர் தெரிந்தவர்கள். “வெளியில யார்கிட்டயாவது காட்டிக்கலாங்க” என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. நடந்த தப்பில் அந்தப் பங்கு என்னுடையது, அதை யார் தலையிலும் போட மாட்டேன். கடைத்தெருப் பக்கம் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரிடம் போனோம். கைராசிக்காரர் என்று பெயர்.

அவர் நாக்கை நீட்டச் சொன்னார். வயதைக் கேட்டார். “வயசுக்கோளாறும்மா, தானா நின்னுடும்” என்று ஊசி போட்டு, டானிக் எழுதிக் கொடுத்தார். கை வைத்துப் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் பதினொரு முறை போனோம். பதினொரு முறையும் டானிக்தான். அவள் இளைத்துக்கொண்டே போனாள். இடுப்புவலி என்றாள். அதற்கும் வயசுதான் காரணம் என்றார்.

அஞ்சலை யார் என்று சொல்ல வேண்டும். நான் காண்ட்ராக்டில் மண் வெட்டிய காலத்தில் அவளும் கூலி வேலைக்குப் போனாள். நான் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அவள்தான். மூத்தவளை டீச்சர் காரணமில்லாமல் அடித்தபோது, மூன்று நாள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். கத்தவில்லை, சும்மா நின்றாள். நான்காம் நாள் டீச்சரே வந்து குழந்தையிடம் வருத்தம் சொன்னார். மூத்தவளுக்குப் பெண் பிறந்தபோது, கால் அமுக்கிக் குளிப்பாட்டி, மூன்று மாதம் யாரையும் அந்தக் குழந்தையைத் தூக்க விடவில்லை. பேத்தி பாட்டியை “ஆயா” என்று சொல்லப் பழகிய பிறகுதான் “அம்மா” என்று சொன்னாள்.

ஒரு காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் உள்ளே பரிசோதித்து, பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொன்னார். கருப்பை வாயில் புற்று. பக்கத்துச் சதைக்கும் பரவிவிட்டது.

“இதுக்கு முன்னாடி யாருமே பரிசோதனை பண்ணிப் பாக்கலையா?” என்று கேட்டார் அவர்.

“பதினோரு தரம் போனேங்க. யாரும் பாக்கல” என்றாள் அஞ்சலை.

சென்னையில் ஐந்து வாரம் கதிர்வீச்சு (கதிரால் கட்டியைச் சுடுகிற சிகிச்சை) கொடுத்தார்கள். தோல் கருகியது, சாப்பாடு தங்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள், “அந்த ஆள்கிட்ட என்னைக் கூட்டிக்கினு போங்க” என்றாள். சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

டாக்டருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தான் யார், இப்போது என்ன வியாதி என்று அவளே சொன்னாள்.

“அப்ப அறிகுறி அப்படித்தாம்மா இருந்துச்சு” என்றார் அவர்.

“நீங்க எங்க பாத்தீங்க? ஒரு நர்ஸம்மாவை வச்சாவது பாத்திருக்கலாம் இல்லீங்களா? தெரியலன்னு சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்லீங்களா?”

அவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார்.  அஞ்சலை ஐந்து மாதம் கழித்து இறந்தாள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் அந்த டாக்டர் கடைக்குப் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷிப்ட் முடிந்ததும் தினமும் போனேன். பெண்கள் வந்தால் பக்கத்தில் போய்ச் சொல்வேன்: “அம்மா, தீட்டுக் கோளாறுன்னா இங்க காட்டாதீங்க. இவரு பாக்க மாட்டாரு. என் பொண்டாட்டி அப்படித்தான் செத்தா.” சிலர் முறைத்தார்கள். சிலர் எழுந்து போனார்கள்.

மகள் அழுதாள். “உட்டுடுப்பா, அம்மா திரும்பி வரப்போறாங்களா?”

“வர மாட்டா. அதனாலதான் போறேன்.”

இரண்டாவது மாதம் டாக்டரே வெளியே வந்தார். “உங்களுக்கு என்னதான் வேணும்?”

“ஒண்ணும் வேணாங்க. உக்காந்துகினு இருக்கேன்.”

“என் பொழப்பைக் கெடுக்கறீங்க.”

“ஆமாங்க.”

அந்த வருஷ முடிவில் அவர் பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்திருக்கக் கூடாது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

பெஞ்சிலிருந்து எழுந்து போனவர்களில் ஒரு அம்மா பிறகு என்னைத் தேடி வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, கருப்பையை எடுத்துவிட்டார்களாம். என் காலைத் தொட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். அவர் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நிமிஷம் அவர் மீதும் கோபம் வந்தது. என்னோடு வாழ்ந்தவள் அல்லவா பிழைத்திருக்க வேண்டும்?

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு வலிக்கும் நின்று காது கொடுக்கிறேன். போன மாதம் வயிற்றுவலி. ஒரு இளம் டாக்டர் என் முகத்தைப் பார்த்தபடியே மாத்திரை எழுத ஆரம்பித்தார்.

“தம்பி, கை வச்சுப் பாத்துட்டு எழுதுங்க” என்றேன். அவர் தயங்கினார். நான் எழுந்திருக்கவில்லை.

படுக்க வைத்து, அமுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கேள்விகள் கேட்டார். “வாயுதாங்க பெரியவரே, பயப்பட ஒண்ணுமில்ல” என்றார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவுதான் ஆகும்.