ஒரே பேர்ல ரெண்டு மீன் கடை

மலாக்கா சாப்பாட்டுக் கடைகளுக்கு மேப் செய்றது என் வேலை. இன்னிக்குக் காலையில ஆபீசுக்கு ஒரு போன்.

"தம்பி, உம்பாய் கடலோரத்துல சுட்ட மீன் கடை வச்சிருக்கேன். ஸ்கூல் லீவு, கூட்டம் வர்ற நேரம். மேப்புல என் ஓரகத்தி கடை மட்டும்தான் தெரியுது, என் கடையைக் காணோம்."

தேடிப் பார்த்தேன். ரெண்டு பேரும் மாமனார் பேரையே கடைக்கு வச்சிருக்காங்க. எங்களுக்கு வந்த கடைப் பட்டியல் டேபிள்ல பிரைமரி கீ இல்லை, அதாவது கடைக்குக் கடை தனி நம்பர் இல்லை. அது இல்லாம சாப்ட்வேர் டேபிளை வாங்காதுன்னு, கடைப் பேரையே கீயா கொடுத்திருந்தோம். அதனால ரெண்டும் ஒரே கடைன்னு நினைச்சு, ஒன்னை மட்டும் காட்டியிருக்கு.

எல்லாக் கடைக்கும் வரிசையா நம்பர் போட்டதும் ரெண்டும் வந்துருச்சு. சந்தோஷமா அவங்களைக் கூப்பிட்டேன்.

"சரியாயிடுச்சு ஆன்ட்டி. இனி உங்க கடைக்குத் தனி நம்பர், மாறவே மாறாது."

"நல்லா இருங்க தம்பி. என்ன நம்பர்?"

"பதினெட்டு."

"அவளுக்கு?"

"பதினேழு. அது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் லா ஆன்ட்டி, வெளியில தெரியாது."

"தம்பி, நான்தான் மூத்த மருமக."

பிரைமரி கீயை மாத்தக் கூடாதுன்னு படிச்சவங்க யாராவது இருந்தா, சாயங்காலம் என்கூட உம்பாய்க்கு வந்து இவங்களுக்கு விளக்குங்க. மீன் என் செலவு.