எஸ்தர் தேடிய கண்

காலையில் கண்ணில் விடும் சொட்டு மருந்து எப்படியோ தொண்டைக்குள் இறங்கி நாக்கில் கசக்கிறது. போன மாதம் என் வலது கண்ணில் யாரோ ஒருவருடைய கருவிழிப் படலத்தை வைத்துத் தைத்தார்கள். யாருடையது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சொல்லக்கூடாது அங்கிள்" என்றாள் நர்ஸ். துளை போட்ட பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு ஒற்றைக்கண் பூச்சாண்டிபோல செம்பூர் வீட்டில் நான் உலவியதைப் பார்த்துப் பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கசப்பு என்னை நேராக தாராவிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் நான் சயின்ஸ் வாத்தியார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கியதும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு நற்காரியத்தை எடுத்துக்கொண்டு, ஈஸ்டர் வரை அதற்காகத் தெருத்தெருவாகப் பேச வேண்டும் என்பது வழக்கம். ஒரு வகுப்பு தொழுநோயாளிகளுக்குப் போர்வை கேட்கும். இன்னொன்று தெருநாய்களுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லும். நன்றாகப் பேசிய வகுப்புக்குக் கேடயம். அதன்மேல் எனக்கிருந்த ஆசை பிள்ளைகளுக்குக்கூட இல்லை. என் ஏழாம் வகுப்புக்குக் கண் தானத்தை எடுத்தேன். பிள்ளைகள் பின்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கண் வரைந்தார்கள். எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் அது உங்களையே பார்க்கும். பிறகு வருஷாவருஷம் சுண்ணாம்பு அடித்தும், மழைக்காலம் வந்தால் அதன் கருமணி மட்டும் மெல்ல மேலே வந்துவிடும்.

வகுப்பில் நன்றாகப் பேசுகிறவள் எஸ்தர். அவள் அப்பா தோல் பட்டறையில் பை தைப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தினமும் பள்ளி வாசல் வரை வருவார். உள்ளே விடும் முன், "ஒரு சுத்து சுத்து" என்பார். அவள் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு வட்டம் சுற்றுவாள். ரிப்பனையும் காலரையும் பார்த்துவிட்டு, "ம், சரியா இருக்கு. போ" என்பார். அவள் பேச்சைக் கேட்டுக் கண் தானத்துக்குச் சம்மதித்த முதல் ஆள் அவர்தான்.

ஈஸ்டருக்கு முன்பே ஒரு மத்தியானம் பட்டறையில் மெஷின்மேல் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. நான் போனபோது கண் எடுக்க வந்த டாக்டர்கள் வெளியே நின்றார்கள். எஸ்தரின் அம்மா கதவை மறித்திருந்தாள்.

"கடைசி எக்காளம் ஊதும்போது செத்தவுக எல்லாரும் எந்திரிப்பாவ. இவுக மட்டும் கண்ணில்லாம எங்கிட்டுப் போவாவ, சார்?"

எஸ்தர்தான் சொன்னாள்: "நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேம்மா. அப்பா வாக்கு குடுத்துருக்காவ."

அம்மா விலகினாள்.

அடக்கம் முடிந்து வரும்போது எஸ்தர் என் பக்கத்தில் வந்தாள். "சார், அப்பா கண்ணு இப்ப எங்க இருக்கு?"

"இந்த பம்பாயிலதாம்மா எங்கயோ இருக்கு. உன்னப் பாத்துக்கிட்டேதான் இருக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவள் எதிரே வருகிற எல்லோருடைய கண்ணையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, எம் மூஞ்சியில என்னத்தத் தேடுத? உங்கப்பா என் கண்ணுல ஒளிஞ்சிருக்காராக்கும்?" என்று பக்கத்து பெஞ்சுப் பெண் கேலி செய்தாள்.

"உனக்கு ரெண்டு கண்ணும் முன்னமே நல்லாருக்கு. உனக்கு வச்சிருக்க மாட்டாவ" என்றாள் எஸ்தர் அமைதியாக.

ஒருநாள் மாட்டுங்கா ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் அவளைப் பார்த்தேன். சாயங்காலக் கூட்டத்துக்கு எதிர்முகமாக நின்றிருந்தாள். யாராவது ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டால், மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள்.

"நேத்து காட்கோபர்ல ஒருத்தர் பாத்தாரு சார். மராத்திக்காரரு. ஆனா பார்வை அப்பாவோடது. ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாவ."

அப்போதே சொல்லியிருக்கலாம். எடுப்பது வெறும் படலம், கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி. பார்வை அதில் இல்லை, பாசமும் இல்லை. வகுப்பில் படம் போட்டு நடத்தியவன்தான் நான். சொல்லவில்லை. அடுத்த லெந்து நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையில் ஏறி, "எங்கப்பா இப்பவும் பாத்துக்கிட்டு இருக்காவ" என்று அவள் சொன்னால் சபையே அழும். மறுநிமிஷம் கண் தானத்துக்குக் கைகள் உயரும். அவளைச் சபை சபையாகக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் வருஷமும் கேடயம் எங்களுக்கே வந்தது. பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் பின்னாலேயே பம்பாயைத் தாண்டி உல்லாஸ்நகர் வரை போய்விட்டாள். போலீஸ் கூட்டிவந்து விட்டது. அம்மா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டையும் மாற்றிக்கொண்டு போனாள். சான்பாடா பக்கம் என்றார்கள். நான் போய்த் தேடவில்லை.

இப்போது அந்தப் பள்ளியை இடித்துத் தகரம் அடைத்துவிட்டார்கள். கண் வரைந்த சுவரும் போயிற்று.

போன வாரம் மூடியைக் கழற்றிய பிறகு முதல் தடவையாக மாட்டுங்கா மார்க்கெட் போனேன். அதே நடைமேம்பாலத்துப் படிக்குப் பக்கத்துப் பூக்கடை முன்னால் நடுவயதுப் பெண் ஒருத்தி சட்டென்று நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கண்ணையும் பார்க்கவில்லை. வலது கண்ணை மட்டும் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, அத்தனை கூட்டத்தில், மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள்.

என் கண்ணில் இருப்பது அவள் அப்பாவுடையதாக இருக்கவே முடியாது. எந்தப் படலமும் இத்தனை வருஷம் காத்திருக்காது. சயின்ஸ் வாத்தியாருக்குத் தெரியாதா? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ம், சரியா இருக்கு. போ" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். இடது கண்ணில் நீர் நிறைந்து எல்லாம் மங்கிப்போயிற்று. வலது கண்ணில் மட்டும் அவள் முதுகு, பாலத்தின் கடைசிப் படி வரை, தெளிவாகத் தெரிந்துகொண்டே இருந்தது.